மட்டக்களப்பிலிருந்து ஒரு நாள்: சிங்கம் பார்க்கவா, யானை பார்க்கவா?

பள்ளிக்கூட விடுமுறை விட்டதும் வீட்டில் பிள்ளைகள் தொடங்கிவிடுவார்கள்: மிருகம் பார்க்கப் போக வேணும். பெரியவர்கள் வான் வண்டிக்குச் சொல்வார்கள், கட்டுச்சோற்றுக்கு அரிசி போடுவார்கள். எந்த இடம் என்பது மட்டும் கடைசி இரவு வரை முடிவாகாது. கூண்டில்லாமல் மிருகங்களைப் பார்க்க மட்டக்களப்பு, அம்பாறை ஆட்களுக்கு ஐந்து வழிகள் இருக்கின்றன. அம்பாந்தோட்டையில் றிதியகம சபாரிப் பூங்கா, கேகாலையில் பின்னவல திறந்தவெளி மிருகக்காட்சிச்சாலை, அம்பாறையில் கல்லோயாவின் படகுச் சவாரி, பொலன்னறுவைப் பக்கம் மின்னேரியா, பொத்துவிலுக்கு அப்பால் குமணவும் லகுகலையும். முதல் இரண்டும் மனிதர் அமைத்தவை. மற்றவை காடு.

இவற்றை ஒப்பிடும்போது ரிக்கற் விலையில் தொடங்குவதுதான் வழக்கமான பிழை. உள்ளூர்வாசிக்கு ரிக்கற் சின்னச் செலவு. முதலில் கணக்குப் பார்க்க வேண்டியது, வீட்டுப் படலையை விட்டுத் திரும்பி வரும் வரையான நேரத்தில் எத்தனை மணித்தியாலம் வானுக்குள், எத்தனை மணித்தியாலம் மிருகத்தின் முன்னால் என்பதை. அந்தக் கணக்குச் சரிவராத இடத்தை ஒரு நாளுக்குள் திணித்தால், பிள்ளைகளின் நினைவில் தங்குவது வாந்தி எடுத்த பொலித்தீன் பைதான்.

சிங்கம் கேட்கும் பிள்ளைக்கு

இலங்கைக் காட்டில் சிங்கமும் இல்லை, வரிப்புலியும் இல்லை. இருப்பது சிறுத்தை. சிங்கத்தைக் கம்பிக்கூண்டுக்கு வெளியே பார்க்க வேண்டுமென்றால் இங்கே இருக்கும் இடம் றிதியகம. தேசிய விலங்கியல் பூங்காத் திணைக்களம் நடத்துவது; 2016இல் திறந்தார்கள்; பரப்பு ஏறக்குறைய 500 ஏக்கர். சிங்கத்துக்கு ஒரு வலயம், புலிக்கு ஒன்று, வரிக்குதிரை போன்ற ஆபிரிக்கத் தாவரவுண்ணிகளுக்கு ஒன்று, நம் யானைக்கு ஒன்று என்று பிரித்து, பூங்காவின் சொந்த பஸ்ஸில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். உங்கள் வான் வெளியே நிற்கும்.

அந்த பஸ்ஸில் சில விஷயங்கள் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். யன்னலுக்குக் கம்பிவலை உண்டு. போனைக் கையில் நீட்டிப் பிடித்தால் கமரா வலையைத்தான் கூர்மையாக்கும், சிங்கம் மங்கலாகப் பின்னால் நிற்கும். லென்ஸை வலையின் ஓட்டைக்கு நேரே ஒட்டிப் பிடித்தால் வலை படத்திலிருந்து மறைந்துவிடும். பிள்ளைகளை யன்னலோரம் இருத்தி, பெரியவர்கள் நடைபாதைப் பக்கம் இருப்பது நல்லது. பஸ் எந்தப் பக்கம் நிற்குமென்று சொல்ல முடியாது. அதனால் இரண்டு பிள்ளைகள் என்றால் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. மறுபக்கத்துப் பிள்ளையை எழுப்பி இந்தப் பக்கம் கூட்டிவருவது, ஒரே வரிசையில் இருந்து அடிபடுவதைவிடச் சுகம்.

மத்தியானம் போனால் சிங்கம் நிழலில் நீட்டிப் படுத்திருக்கும். எழும்பாது. அது பூங்காவின் குறையல்ல, சிங்கத்தின் குணம். பூனை இனத்து மிருகங்கள் நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிப்பவை. காலையில் திறந்தவுடன் வரும் முதல் சில சுற்றுகளுக்கும் பின்னேரச் சுற்றுக்கும்தான் அவை நடமாடுவதைக் காண வாய்ப்பு அதிகம். சரியாக அந்த நேரத்துக்குப் போய்ச் சேர்வதுதான் கிழக்கு மாகாணத்து ஆளுக்குச் சிக்கல்.

பாதையைப் பாருங்கள். அம்பாறையிலிருந்து சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தல, கதிர்காமம், வீரவில வழியாக ஏறக்குறைய 195 கிலோமீற்றர். மட்டக்களப்பு நகரத்திலிருந்து இன்னும் 70 கூட்ட வேண்டும். அம்பாறைக்காரர் விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டால் ஒன்பது மணியளவில் சேரலாம். பூங்காவில் வரிசையோடு சேர்த்து மூன்று மணித்தியாலம் வைத்தாலும் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வரலாம். நீண்ட நாள்தான், ஆனால் முடியும். மட்டக்களப்பிலிருந்து போய் வர 530 கிலோமீற்றர். மூன்று மணி நேரக் காட்சிக்குப் பதின்மூன்று மணி நேர ஓட்டம் என்பது சாரதிக்குச் செய்யும் கொடுமை. திரும்பும் வழியில் அவர் கண்ணயர்ந்தால் யாரைக் குறை சொல்வது?

ஆகவே மட்டக்களப்பு, ஏறாவூர், வாழைச்சேனை ஆட்கள் றிதியகமவை இரண்டு நாளாக எடுக்க வேண்டும். இரண்டு நாளென்றால் கதை மாறிவிடும். முதல் நாள் ஆறுதலாகப் போய்க் கதிர்காமத்திலோ திஸ்ஸமகாராமையிலோ தங்கி, மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு நிற்கலாம். நேர்த்தி இருப்பவர்களுக்குக் கதிர்காமத்தில் அதுவும் முடியும். இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்க முடிந்தால் ஊடவலவை யானைக்குட்டி இல்லத்தையும் சேர்க்கலாம். 1995இல் தொடங்கிய அந்த இடத்தில் தாயை இழந்த குட்டிகளை வளர்த்துக் காட்டிலேயே திரும்ப விடுகிறார்கள். காலை 9, பகல் 12, பின்னேரம் 3, 6 என்று பால் கொடுக்கும் நேரத்தில் மட்டும் மேடையில் இருந்து பார்க்கலாம். தொட முடியாது. குட்டிகள் ஓடி வந்து வரிசையை உடைத்துப் பாலுக்கு அடிபடுவதைப் பார்க்கும் சின்னப் பிள்ளைகள் சிங்கத்தை மறந்தே போவார்கள்.

புத்தல-கதிர்காமம் வீதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வாகனத்தை மறித்துத் தின்ன எதிர்பார்க்கும் யானைகள் அந்தப் பாதையில் நிற்கும். பழக்கியவர்கள் நாம்தான். வாழைப்பழமும் சோளமும் யன்னலால் நீட்டி நீட்டி, இப்போது கொடுக்காத வாகனத்துக்குள் தும்பிக்கையை விடும் அளவுக்கு வந்துவிட்டன. அங்கே யன்னல் கண்ணாடி மேலே, சாப்பாட்டுச் சாமான் ஆசனத்துக்குக் கீழே, பாதையைக் கடப்பது பகல் வெளிச்சத்தில்.

பின்னவலவுக்கு எப்போது போகலாம்

பின்னவலவில் இரண்டு இடங்கள் அருகருகே இருக்கின்றன, பலர் ஒன்றென்றே நினைக்கிறார்கள். யானைகள் சரணாலயம் 1975இல் தொடங்கியது. காலை பத்து மணிக்கும் பின்னேரம் இரண்டு மணிக்கும் கூட்டமாக வீதியைக் கடந்து மா ஓயாவில் குளிக்கப் போகும் யானைகள் அங்கேதான். திறந்தவெளி மிருகக்காட்சிச்சாலை 2015இல் திறந்தது, 44 ஏக்கர், அகழியும் தாழ்ந்த சுவரும் கொண்ட அடைப்புகளில் பெரும்பாலும் உள்நாட்டு மிருகங்கள். ரிக்கற் தனித்தனி. அங்கே பஸ் இல்லை, நடைதான், அதுவும் ஏற்ற இறக்கமான நிலம். முழங்கால் நோவுள்ள அம்மம்மாவை நுழைவாயிலில் இருத்திவிட்டுப் போகும் இடமாகத்தான் அது முடியும்.

மட்டக்களப்பிலிருந்து ஏறக்குறைய 250 கிலோமீற்றர், ஆறு மணித்தியாலம். கொழும்பு இரவு ரயிலில் போய்ப் பொல்கஹவெலயில் இறங்கி றம்புக்கனைக்கு மாறலாம். ஆனால் விடியுமுன் அந்த மேடையில் நித்திரைப் பிள்ளைகளோடு காத்திருக்க வேண்டிவரும். கண்டிக்கோ கொழும்புக்கோ ஏற்கெனவே ஒரு அலுவலாகப் போகிறவர்கள் வழியில் இதைப் பார்க்கலாம். யானை பார்ப்பதற்காக மட்டும் கிழக்கிலிருந்து அவ்வளவு தூரம் போவது, கடற்கரையில் வீடு வைத்துக்கொண்டு மீன் வாங்கக் கண்டிக்குப் போவது மாதிரி.

கல்லோயா: யானை நீந்தும் குளம்

படகு ஏறும் இடமான இங்கினியாகலை அம்பாறையிலிருந்து 20 கிலோமீற்றரளவு, மட்டக்களப்பிலிருந்து 90. களுவாஞ்சிக்குடி, கல்முனை, காரைதீவு, சம்மாந்துறை வழியாக இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் ஆற்றை மறித்துக் கட்டிய சேனநாயக்க சமுத்திரம் நாட்டின் மிகப் பெரிய குளம். அம்பாறைப் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் தரும் குளத்தின் நீரேந்து பகுதியைக் காப்பதற்காகவே 1954இல் அதைச் சுற்றியுள்ள 25,900 ஹெக்டேயரைத் தேசிய பூங்காவாக்கினார்கள். காட்டை ஜீப்பில் அல்லாமல் படகில் போய்ப் பார்ப்பதுதான் இங்கே விசேஷம்.

குளத்துக்குள் மலைமுகடுகள் தீவுகளாக நிற்கின்றன. புல் தேடி யானைகள் ஒரு தீவிலிருந்து மற்றத் தீவுக்கு நீந்திப் போகும். தூரத்தில் முதலில் தெரிவது யானை மாதிரியே இராது. தண்ணீரில் மிதக்கும் ஒரு கரிய கட்டை, அதற்கு முன்னால் வளைந்து நிற்கும் ஒரு குழாய். குழாய் மெல்லத் திரும்பும்போதுதான் அது தும்பிக்கை என்று பிடிபடும். பின்னால் இரண்டாவது கட்டை, அதற்கும் பின்னால் சின்னதொன்று. ஓட்டி எஞ்சினை நிறுத்திப் படகை மிதக்க விடுவார். அப்போது பேசக் கூடாது. தண்ணீருக்கு மேலால் குரல் நெடுந்தூரம் போகும். கரையேறிய பெட்டை யானை நின்று திரும்பிப் பார்த்து, குட்டி மேலே வரும் வரை நகராது.

இது எல்லா நாளும் கிடைக்காது. மார்ச் முதல் ஜூலை வரையான காலமே நல்லது. மாரியில் நிரம்பிய குளம் வற்ற வற்றக் கரையில் இளம்புல் முளைக்கும், யானை காட்டை விட்டுக் கரைக்கு வரும். குளம் தளும்பி நிற்கும் காலத்தில் காட்டுக்குள்ளேயே தீனி இருக்கும்போது அது ஏன் வெளியே வரும்? அந்த மாதங்களில் போனால் பறவைத் தீவையும் மலைகளையும் பார்த்துவிட்டு வரலாம், யானை அதிர்ஷ்டம்.

நேரம் விடியற்காலை அல்லது பின்னேரம். குடும்பத்தோடு போகிறவர்கள் காலையை எடுப்பதே நல்லது. அதற்குக் காரணம் கச்சான் காற்று. மே முதல் ஓகஸ்ட் வரை வெயில் ஏற ஏற அது வலுத்து வீசும். அவ்வளவு பெரிய திறந்த நீர்ப்பரப்பில் பின்னேரம் அலை எழும்பும். சின்னப் படகு குதிக்கும், முன்வரிசையில் இருப்பவர் நனைவார், பிள்ளைகள் பயப்படுவார்கள். காலை ஆறு மணிக்குக் குளம் கண்ணாடி மாதிரி இருக்கும். மட்டக்களப்பிலிருந்து வருகிறவர்கள் மூன்றரை மணிக்கு வெளிக்கிட வேண்டும். முடியாதென்றால் முதல்நாள் இரவு அம்பாறையிலோ கல்முனையில் சொந்தக்காரர் வீட்டிலோ தங்கலாம்.

படகுகள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. முதல்நாளே கேட்டு வைக்காமல் நீண்ட விடுமுறையில் எட்டுப் பேர் போய் நின்றால் முன்பதிவு செய்தவர்கள் வந்து முடியும் வரை கரையில் இருக்க வேண்டியதுதான். கேட்கும்போது நான்கு விஷயம் கேளுங்கள்: ஒரு படகுக்கு எத்தனை பேர், சொல்லும் விலை படகுக்கா ஆளுக்கா, பூங்கா ரிக்கற் அதற்குள் அடங்குமா, பிள்ளையின் அளவுக்கு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு 'சமாளிக்கலாம்' என்று பதில் வந்தால் வேறு படகு பாருங்கள். பெரியவர்களின் அங்கியை ஐந்து வயதுப் பிள்ளைக்குப் போட்டால் தண்ணீரில் விழுந்ததும் அது தலைக்கு மேலால் கழன்று வந்துவிடும். அங்கியின் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதைத் தாண்டி ஏறினால் அளவு பிழை.

படகில் இரண்டு, மூன்று மணித்தியாலம் கழிப்பறை இல்லை. ஏறுமுன் எல்லோரும் போய்விட்டு வர வேண்டும், சலரோக மாத்திரை எடுக்கும் பெரியவர்கள் முக்கியமாக. பெரும்பாலும் நிழலும் இராது. நீட்டுக் கைச் சட்டை, காற்றில் பறக்காத தொப்பி, போனுக்கு நூல். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை அவ்வளவு நேரம் அசையாமல் இருக்காது என்பதைப் பெற்றோர் தங்களுக்குள் ஒப்புக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். அப்படிப் பிள்ளை இருந்தால் ஒரு பெரியவர் கரையில் நிற்கட்டும்.

மின்னேரியா: எண்ணிக்கை வேண்டுமென்றால்

ஓகஸ்ட் விடுமுறைக்கு மட்டக்களப்பு, வாழைச்சேனை ஆட்களின் சிறந்த தெரிவு இதுதான். வெலிக்கந்தை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை தாண்டி ஹபரணை வீதியில் 130 கிலோமீற்றரளவு. இரண்டரையிலிருந்து மூன்று மணித்தியாலம். மகாசேன மன்னன் கட்டிய குளம் கோடையில் வற்றும்போது அதன் படுக்கையில் பச்சைப் புல் விரியும். சுற்றுக் காடுகளின் யானைக் குடும்பங்கள் ஜூலை முதல் ஒக்டோபர் வரை அங்கே கூடும். நல்ல நாளில் 200, 300 வரை ஒரே வெளியில் நிற்கும்.

இங்கே பெரிய கூட்டத்தைவிட ஒரு யானையைக் கூர்ந்து பார்ப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். முன்கால் நகத்தால் புல்லின் அடியைச் சுரண்டித் தளர்த்தும். தும்பிக்கையால் சுற்றிப் பிடுங்கும். வேரோடு வந்த பிடியை நேரே வாயில் வைக்காது, முன்காலில் 'பட்பட்' என்று இரண்டு மூன்று முறை அடித்து மண்ணை உதறிவிட்டுத்தான் தின்னும். கீரையை உதறிக் கழுவும் அம்மாவைப் பார்த்த பிள்ளை உடனே சிரிக்கும். இன்னொரு வேலை: கொம்புள்ள யானையைத் தேடச் சொல்லுங்கள். இலங்கையில் ஆண் யானைகளிலும் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவற்றுக்கே கொம்பு உண்டு என்பதால் அது இலேசில் முடியாத விளையாட்டு.

ஆனால் ஒரு புதுச் சிக்கல். மொறகஹகந்த நீர்த்தேக்கம் வந்தபின் கோடையிலும் மின்னேரியாவுக்குத் தண்ணீர் திறந்துவிடப்படுகிறது. கமக்காரருக்கு நல்லது. புல் வெளியோ தண்ணீருக்குள் போய்விடுகிறது. அப்படியான வருடங்களில் யானைகள் பக்கத்துக் கவுடுல்லவுக்கும் ஹுருலுக் காட்டுக்கும் நகரும். 'யானை எங்கே நிற்கிறது, மின்னேரியாவிலா கவுடுல்லவிலா' என்று அன்று காலையே ஜீப்காரரிடம் கேட்டுவிட்டு வெளிக்கிடுங்கள். இணையத்தில் போன வருடத்துப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு வாசலில் ரிக்கற் எடுத்தால் மற்ற வாசலில் இன்னொரு ரிக்கற் எடுக்க வேண்டிவரும்.

ஜீப் கூட்டம் இன்னொரு தொல்லை. சனி, ஞாயிறு பின்னேரம் ஒரு யானைக் குடும்பத்தைச் சுற்றி இருபது ஜீப் நிற்கும். குட்டியைச் சுற்றிப் பெட்டைகள் நெருங்கி நின்று காதை விரித்தால் அது படத்துக்கான கோலமல்ல, விலகச் சொல்கிறது. பின்னால் எடுக்கச் சொல்லுங்கள். சாரதிகளுக்கு இது தெரியும். ஆனால் பின்னால் இருந்து 'கிட்ட போங்க, கிட்ட போங்க' என்று கத்துவது நம் ஆட்கள்தான்.

பொத்துவில் பக்கம்

அக்கரைப்பற்று, திருக்கோவில் ஆட்களுக்கு வாசலில் இருப்பது லகுகலை. பொத்துவிலிலிருந்து மொனராகலை வீதியில் 16 கிலோமீற்றர், 1,554 ஹெக்டேயர் மட்டுமே. சிங்களத்தில் 'பெரு' என்று சொல்லும் புல் குளத்தில் வளர்கிறது, அதற்காக யானைகள் வருகின்றன. ஜூலை முதல் செப்டெம்பர் வரை பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு பாருங்கள். ஜீப் இல்லை, படகு இல்லை. குளத்தைக் கட்டிலிருந்து பார்க்கலாம். கட்டை விட்டு இறங்கித் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது, அவ்வளவுதான். மூன்று வயதுப் பிள்ளையும் எழுபது வயது மாமியும் உள்ள குடும்பத்துக்கு, பகலில் அறுகம்குடாவில் கடலில் நனைந்துவிட்டுப் பின்னேரம் இங்கே வருவது ஐந்திலும் குறைந்த செலவு, குறைந்த களைப்பு. யானை வராத நாளும் உண்டு. அன்றைக்குக் கடல் குளித்த நாளென்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

குமண வேறு மாதிரி. பாணமை தாண்டி உகந்தையில் வாசல், மட்டக்களப்பிலிருந்து 140 கிலோமீற்றரளவு. 1985 முதல் 2003 வரை யுத்தத்தால் மூடிக் கிடந்த காடு. பழைய பெயர் யால கிழக்கு. மே முதல் ஜூலை வரை குமண வில்லு என்ற நீர்நிலையில் கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் எல்லாம் கண்டல் மரங்களில் கூடு கட்டும். சிறுத்தையும் கரடியும் உண்டு, ஆனால் அவற்றை வாக்குறுதியாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். பறவைக்குப் பொறுமை வேண்டும். பத்து வயதுக்கு மேல், ஒரு தொலைநோக்கியும் கையில் இருந்தால் சந்தோஷமாக இருக்கும். அதற்குக் கீழே உள்ள பிள்ளை இரண்டாவது மணியில் 'மறுகா சிங்கம் எங்க?' என்று கேட்கும். கதிர்காமப் பாதயாத்திரைக்குக் காட்டுப்பாதை திறக்கும் நாட்களில் உகந்தை முருகன் கோயிலடி நிறைந்து வழியும். கோயிலுக்கும் போக விரும்புபவர்களுக்கு அதுவே நல்ல நாள். பூங்காவுக்கு மட்டும் போகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம்.

எண்ணெய், ஜீப், அடையாள அட்டை

விலைகள் மாறும், லீற்றர் மாறாது. பத்துக் கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் எரிக்கும் வானில், மட்டக்களப்பிலிருந்து போய் வர இங்கினியாகலைக்கு 18 லீற்றர், மின்னேரியாவுக்கு 26, குமண வாசலுக்கு 28, பின்னவலவுக்கு 50, றிதியகமவுக்கு 53. ஏசி முழு நேரமும் ஓடினால் பத்தில் ஒன்று கூட்டுங்கள். இன்றைய விலையால் பெருக்கினால் பாதி முடிவு வந்துவிடும். தூர இடங்களில் எண்ணெய்தான் பெரிய செலவு. கிட்டத்து இடங்களில் ஜீப்பும் படகும். றிதியகமவில் ஜீப் கூலி இல்லை என்பது அதன் பக்கத்துக்குப் பேசும் ஒரே வரவு.

ஜீப்பில் ஆறு பெரியவர்கள் வசதியாக இருக்கலாம். பிள்ளைகளோடு எட்டுப் பேர் என்றால் ஒருவர் மடியில் ஒருவர். ஏறும் படி முழங்காலுக்கு மேலே இருக்கும். வயதானவர்கள் அதில்தான் கால் தடுக்குகிறார்கள். வீட்டுக் குட்டி பிளாஸ்டிக் முக்காலி ஒன்றை வானில் போட்டுக்கொண்டு போங்கள், ஏறவும் இறங்கவும் உதவும். கர்ப்பிணிகளுக்கும் நாரி நோவுக்காரருக்கும் ஜீப் வேண்டாம். காட்டுப் பாதையின் குலுக்கல் வீதிக் குலுக்கல் அல்ல.

தேசிய பூங்காக்கள் காலை ஆறிலிருந்து பின்னேரம் ஆறு வரை. வாசலில் பெரியவர்களின் தேசிய அடையாள அட்டை கேட்பார்கள். இங்கேதான் பல குடும்பங்கள் அதிர்ச்சி அடைகின்றன. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வந்த சித்தப்பா குடும்பம் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் வெளிநாட்டார் கட்டணம், அது உள்ளூர்க் கட்டணத்தின் பல மடங்கு. தமிழில் பேசினாலும் சிங்களத்தில் பேசினாலும் மாறாது. இரட்டைக் குடியுரிமையும் அதற்குரிய இலங்கை அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ இருந்தால் வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். இல்லையென்றால் அந்தக் காசையும் முதலே கணக்கில் போட்டு, யார் கொடுப்பது என்பதை வாசலில் அல்லாமல் வீட்டிலேயே பேசி முடிப்பது உறவுக்கு நல்லது.

சாப்பாட்டில் இரண்டு எதிரி: வெயிலும் பொலித்தீனும். பூங்காவுக்குள் பொலித்தீன் கொண்டுபோக முடியாது. வாழையிலையை நெருப்பில் வாட்டிக் கட்டினால் கிழியாது. தேங்காய்ப்பால் கறியும் தேங்காய்ப்பூப் பிட்டும் மூடிய வானுக்குள் பத்து மணிக்கே புளித்துவிடும். புளிச்சோறு, மாசிச் சம்பல், வரட்டிய இறைச்சி, அவித்த முட்டை பிரச்சினை தராது. சோறு சூடாக இருக்கும்போதே கட்டினால் ஆவி உள்ளே நின்று பழுதாகும், முழுக்க ஆறவிட்டே கட்டுங்கள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லீற்றர், பெரிய கானில் எடுத்து வீட்டுப் போத்தலில் ஊற்றிக்கொள்ளலாம். இரண்டு பைக்கற் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச்சீனித் தூள்). வழியில் கடையில் சாப்பிடுவதென்றால், ஹலால் பார்ப்பவர்கள் மின்னேரியாவுக்குப் போகும்போது ஓட்டமாவடியிலும், கல்லோயாவுக்குப் போகும்போது சம்மாந்துறையிலும் முடித்துக்கொள்வது சுலபம்.

எந்த வீட்டுக்கு எது

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பிள்ளைக்கு யானை புதினமல்ல. வயல் காவலுக்குப் போன அப்பா விடிய விடிய வெடி கொளுத்துவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, அதற்கு யானை என்றால் பயம். அந்தப் பிள்ளையை மின்னேரியாவுக்குக் கூட்டிப்போவதில் வேறொரு பயன் உண்டு: துரத்தப்படாத யானை எப்படி நடக்கும் என்று பார்க்கும். ஆனால் அது சிங்கம்தான் வேண்டும் என்று கேட்டால் கேட்டதில் நியாயம் இருக்கிறது, காசு சேர்த்து இரண்டு நாளுக்கு றிதியகம போங்கள். நகரத்துப் பிள்ளைகள், ஆறு முதல் பன்னிரண்டு வயது, ஏப்ரல் விடுமுறை என்றால் யோசிக்காமல் கல்லோயா. ஓகஸ்ட் என்றால் மின்னேரியா. கைக்குழந்தையும் முதியவரும் சேர்ந்து வந்தால் லகுகலை.

டிசம்பர் விடுமுறைக்கு மேற்சொன்ன காடுகள் ஒன்றுமே உதவாது. மாரி. குளங்கள் நிரம்பி, யானை காட்டுக்குள் போய், ஜீப் சேற்றில் புதையும். மகாவலி பெருகினால் பொலன்னறுவை வீதி கல்லேல்லவில் தண்ணீருக்குள் போய்விடும், போனவர் திரும்ப முடியாமல் நிற்க வேண்டிவரும். அந்த மாதத்தில் மிருகம் பார்த்தே ஆக வேண்டுமென்றால் பின்னவலவோ றிதியகமவோதான், அதுவும் வீதி நிலவரம் கேட்டுவிட்டு.

மின்னேரியாவிலிருந்து ஆறு மணிக்கு வெளியே வந்தால் மன்னம்பிட்டி தாண்டும்போது இருட்டிவிடும். வெலிக்கந்தைக்கும் புணாணைக்கும் இடையே இருபுறமும் காடு, யானை வீதியைக் கடக்கும் இடம். சாம்பல் நிற மிருகம் இருட்டில் கண்ணுக்குப் படுவது கிட்ட வந்தபிறகுதான். அங்கே மணிக்கு 50ஐத் தாண்ட வேண்டாமென்று சாரதியிடம் வெளிக்கிடும்போதே சொல்லிவையுங்கள். முன்னால் நிற்கக் கண்டால் ஹோர்ன் அடிக்காமல், லைற்றைத் தாழ்த்தி, எஞ்சினை நிறுத்தாமல் தூரத்திலேயே நில்லுங்கள். ஒன்று கடந்ததும் எடுக்காதீர்கள், பின்னால் குட்டி வரும். தனியன் நின்று அசையாவிட்டால் கிறுகி வெலிக்கந்தைச் சந்திக்குப் போய்ப் பிளேன்ரீ குடித்துவிட்டு, பஸ்ஸோ லொறியோ வரும்வரை இருந்து அதன் பின்னால் வாருங்கள்.